ரேடியல் வாள்: வீட்டுக்குள் வந்த மரஆலை

2000 ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழுவும் எமர்சன் நிறுவனமும் இணைந்து ஓர் அறிவித்தலை வெளியிட்டன. 1958 முதல் 1992 வரை, 'கிராஃப்ட்ஸ்மன்' என்னும் பெயரில் சியேர்ஸ் கடைகளில் விற்கப்பட்ட ஏறத்தாழ 37 இலட்சம் மரம் அறுக்கும் இயந்திரங்கள் மீளழைக்கப்படுவதாக அவ்வறிவித்தல் கூறியது. சுழலும் வாள் அலகை முழுவதுமாக மறைக்கும் காப்பு மூடி அவற்றில் இல்லை என்பதே காரணம். மூடி பொருத்தக்கூடிய இயந்திரங்களுக்கு அது இலவசமாக அனுப்பப்படும். பொருத்த முடியாதவற்றின் மோட்டர்ப் பகுதியைக் கழற்றி அனுப்பினால் 100 டொலர் வழங்கப்படும். முப்பத்து நான்கு ஆண்டுகளாக விற்ற பொருளை, விற்பனை நின்று எட்டாண்டுகள் கழிந்த பின்னர் திரும்ப அழைத்தமை விந்தையே. இந்த 37 இலட்சத்தில் பெரும்பகுதி தொழிற்சாலைகளில் இருந்தவை அல்ல. வீடுகளின் கராஜுகளிலும் நிலவறைகளிலும், அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மரவேலை செய்கின்ற சாதாரண மனிதர்களின் கைகளிலே இருந்தவை.

ஆலைத் தொழிலாளிக்கென்று பிறந்த ஒரு வாள் எவ்வாறு வீட்டுக்குள் வந்தது, வந்த இடத்தில் என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயந்திரத்தின் அமைப்பை முதலிற் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் 'ரேடியல் ஆர்ம் சோ' எனப்படும் இதனை வசதி கருதி ரேடியல் வாள் என்றே குறிப்பிடுகின்றேன். ஒரு மேசை. மேசையின் பின்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தூண். தூணின் உச்சியிலிருந்து மேசைக்கு மேலாக முன்னோக்கி நீண்டிருக்கும் ஓர் இரும்புக் கை. அந்தக் கையின் அடியில், தண்டவாளத்தில் வண்டி ஓடுவது போல, ஒரு மின்மோட்டர் முன்னும் பின்னும் ஓடும். மோட்டரின் அச்சிலேயே வட்ட வாள் அலகு நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கும். மரத்தை மேசையிலுள்ள தடுப்புச் சட்டத்தோடு அணைத்து வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி வாளைத் தன்னை நோக்கி இழுத்தால் மரம் குறுக்காக அறுபடும். கையைத் தூணைச் சுற்றித் திருப்பினால் சாய்கோணத்தில் அறுக்கலாம். மோட்டரை அதன் கவையிற் சரித்தால் சரிவாக அறுக்கலாம். மோட்டரை முழுதாகத் தொண்ணூறு பாகை திருப்பிப் பூட்டிவிட்டு, மரத்தைத் தள்ளினால் நெடுக்காகவும் அறுக்கலாம். இந்தக் கடைசி வசதியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் சிக்கல் அங்கேதான் இருக்கின்றது.

இதனை ஆக்கியவர் ரேமண்ட் டீவோல்ட். 1920களின் தொடக்கத்தில் நியூஜேர்சி மாநிலத்தின் பிரிட்ஜ்டன் நகரில், விளைபொருட்களை அடைக்கும் மரப்பெட்டிகள் செய்யும் ஆலையொன்றை அவர் மேற்பார்வை செய்து வந்தார். பெட்டி செய்பவனுக்குத் தேவை ஆயிரக்கணக்கான பலகைத் துண்டுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கோணம். நீண்ட கனத்த பலகையை ஒவ்வொரு தடவையும் வாளிடம் தள்ளிக்கொண்டு போவதிலேயே தொழிலாளியின் நேரமும் தெம்பும் கழிந்தன. மரத்தை வாளிடம் கொண்டுபோவதற்குப் பதிலாக வாளை மரத்திடம் கொண்டுவந்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1922 இல் உருவான அவ்வியந்திரத்துக்கு 'வொண்டர் வேர்க்கர்' என்று பெயர் வைத்தார். 'அதிசயத் தொழிலாளி' என்று தமிழிற் சொல்லலாம். ஒன்பது விதமாக அதனை அமைத்துக்கொள்ள முடிந்தது. 1924 இல் பென்சில்வேனியாவின் லியோலா என்ற சிற்றூரில் தம் பெயரிலேயே ஒரு கொம்பனியைத் தொடங்கினார். 1925 இல் காப்புரிமமும் கிடைத்தது. பின்னர் கொம்பனி அருகிலிருந்த லாங்காஸ்டர் நகருக்குப் பெயர்ந்தது.

இன்று டீவோல்ட் என்றதும் மஞ்சளும் கறுப்புமான மின்துறப்பணமே பலருக்கும் நினைவில் வரும். அந்த மஞ்சள் நிறம் 1992 இல் வந்தது. ஆரம்பகால டீவோல்ட் என்பது வார்ப்பிரும்பாலான கனத்த ரேடியல் வாள், வேறொன்றுமில்லை. மரக்காலைகளும் கட்டட வேலைத்தளங்களும் அதனை விரும்பி வாங்கின. இருபது அடிச் சட்டத்தை மேசையிற் கிடத்தி, அசையாமல் வைத்து, ஒரே இழுவையிற் துண்டாக்குவது வேறெந்த வாளாலும் அத்தனை எளிதில் முடியாத காரியம். நியாயமாகச் சொன்னால், தான் பிறந்த வேலைக்கு இதனைவிடச் சிறந்த இயந்திரம் அக்காலத்தில் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1944 இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றின் பயனாகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வீட்டுக்கடன் எளிதாகக் கிடைத்தது. நகரங்களைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டவர்களுக்கு அலுமாரி வேண்டியிருந்தது, புத்தகத் தட்டு வேண்டியிருந்தது, பிள்ளைக்குக் கட்டில் வேண்டியிருந்தது. கூலிக்கு ஆள் பிடிக்கப் பணம் போதவில்லை. 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற முழக்கம் ஒரு தேசியப் பொழுதுபோக்காக மாறிற்று. 1954 ஓகஸ்டில் 'டைம்' சஞ்சிகை அதனைத் தன் அட்டைக்கே கொண்டுவந்தது. இயந்திரம் செய்பவர்கள் இச்சந்தையை நன்றாகவே மோப்பம் பிடித்தனர். 1947 இலேயே ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவரின் 'ஷொப்ஸ்மித்', ஒரே உடலில் வாளும் கடைசல் இயந்திரமும் துறப்பணமுமாக விற்பனைக்கு வந்திருந்தது. பல இயந்திரங்கள் வாங்க வசதியில்லாத வீட்டுக்காரனுக்கு எல்லாவற்றையும் ஒன்றிலே தருவது என்பதுதான் அக்காலத்தின் வியாபார மந்திரம்.

டீவோல்ட் கொம்பனியை 1949 இல் அமெரிக்கன் மெஷின் அன்ட் ஃபவுண்டரி என்ற பெருநிறுவனம் வாங்கியது. போலிங் விளையாட்டில் விழுந்த கட்டைகளைத் தானாகவே நிறுத்திவைக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்ற அதே நிறுவனம்தான்; அமெரிக்கரின் ஓய்வுநேரம் எங்கே செலவாகின்றது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதன் கீழ், ரேடியல் வாள் சிறிதாக்கப்பட்டு வீட்டுக்கென விற்கப்பட்டது. 'பவர் ஷொப்', அதாவது 'மின்பட்டறை' என்பது அதற்கிடப்பட்ட பெயர். வாள் என்று கூடச் சொல்லவில்லை, பட்டறை என்றே சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. குறுக்கே அறுக்கலாம், நெடுக்கே அறுக்கலாம், அலகைக் கழற்றிவிட்டு வேறு தலையைப் பூட்டினால் காடி எடுக்கலாம், அலங்கார விளிம்பு கடையலாம், தேய்க்கலாம், துளையிடலாம். சுவரோரமாக வைத்தாலும் நீண்ட பலகையை அறுக்கலாம் என்பது, சிறிய கராஜ் உள்ளவனுக்கு உண்மையிலேயே பெரிய வரம். மேசைவாளை அறையின் நடுவே வைத்துச் சுற்றிலும் இடம் விடவேண்டும். 1960 இல் பிளக் அன்ட் டெக்கர் நிறுவனம் டீவோல்டை வாங்கியது. இதற்கிடையில் சியேர்ஸ், எமர்சன் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த கிராஃப்ட்ஸ்மன் ரேடியல் வாள்களை நாடெங்குமுள்ள தன் கடைகளாலும் வீடு தேடி வரும் விலைப்பட்டியலாலும் விற்றுத் தள்ளியது.

அக்காலத்து அமெரிக்கத் தொழில்நுட்பச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டுபவர்கள் ஒன்றைக் காண்பர். ரேடியல் வாளின் விளம்பரமும், ரேடியல் வாளைக் கொண்டு இன்னின்னது செய்யலாம் என்னும் கட்டுரையும் ஒரே குரலிற் பேசும். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவர்களுக்கு இதிலே வியப்பில்லை. விளம்பரப் பகுதிக்கும் ஆசிரிய பீடத்துக்கும் நடுவே இருக்கும் சுவரிலே கதவு இல்லாத பத்திரிகையை நான் இதுவரை கண்டதில்லை.

இனி அந்தச் சிக்கலுக்கு வருவோம்.

குறுக்கே அறுக்கும்போது அலகின் அடிப்பற்கள் மனிதனிடமிருந்து விலகித் தடுப்புச் சட்டத்தை நோக்கிச் சுழல்கின்றன. மரம் சட்டத்தோடு அழுந்தி நிற்கும்; அது நன்மை. ஆனால் மனிதன் வாளை இழுக்கும் திசையும் பற்கள் மரத்தைக் கவ்வி ஏறும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. வாள் தானாகவே மரத்தின் மேலேறித் தன்னை இழுப்பவனை நோக்கிப் பாயப் பார்க்கும். பழகிய தொழிலாளி முழங்கையை விறைப்பாக வைத்து, இழுப்பதைவிட அதிகமாகத் தடுத்துக்கொண்டே வருவான். புதியவனோ வாள் பாய்ந்து வருவதை உணர்வதற்குள் அது மேசையின் விளிம்புக்கு வந்துவிடும். மறு கை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

நெடுக்கே அறுப்பது இதனினும் கொடியது. இப்போது வாள் பூட்டப்பட்டு நிற்க, மரம் நகர்கின்றது. மரத்தை அலகின் சுழற்சிக்கு எதிராகவே தள்ள வேண்டும். சரியான பக்கத்திலிருந்து தள்ளினாலும், மேலெழும் பற்கள் மரத்தை மேசையிலிருந்து தூக்கப் பார்க்கும். அறுந்த பிளவு மூடிக்கொண்டு அலகை நெரித்தால், பலகை தள்ளியவனின் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். இதனைத் தடுக்கவே மூடியின் மூக்கைத் தாழ்த்தி மரத்தை அமுக்குவதும், அலகுக்குப் பின்னால் பிளவை விரித்துப் பிடிக்கும் தகடும், மரம் பின்வாங்காதபடி குத்திப் பிடிக்கும் பற்களும் ஏற்பட்டன. மாறாக, தவறான பக்கத்திலிருந்து மரத்தைக் கொடுத்துவிட்டால் வாள் அதனைப் பறித்துக்கொண்டு மறுபுறம் எறியும். மரத்தை இறுகப் பற்றியிருந்த கையும் அதனோடு அலகுக்குள் போகும். இரண்டு பக்கங்களுக்கும் பார்வைக்கு வேறுபாடு அதிகமில்லை. மோட்டரை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பூட்டினோம் என்பதைப் பொறுத்துச் சரியான பக்கம் மாறும். மாலையில் களைத்து வந்து, ஒரு தட்டை முடித்துவிடலாம் என்று நிற்கும் மனிதனிடம் இந்தக் கணக்கை எதிர்பார்ப்பது நியாயமா?

பெட்டி ஆலையில் இக்கேள்வி பெரும்பாலும் எழவில்லை. அங்கே ஒரு வாள் ஒரு வேலைக்கென்று அமைக்கப்பட்டு, நாட்கணக்கில் அப்படியே ஓடும்; அமைத்தவன் கைதேர்ந்தவன். வீட்டிலோ ஒரே மாலையில் நான்கு வேலைக்கு நான்கு தரம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் பூட்டுகள் சற்றே தளரும். கை சதுரமாக நிற்காது, அலகு தன் வழியிலிருந்து ஒரு மயிரிழை விலகும், வெட்டு எரிந்து கறுக்கும், அலகு மரத்திற் சிக்கும். எல்லாம் செய்யும் இயந்திரம் எதையும் ஒழுங்காகச் செய்யாது என்ற கெட்ட பெயர் ரேடியல் வாளுக்கு வந்தது இவ்வாறே. அது முழு உண்மையன்று. 'மிஸ்டர் சோடஸ்ட்' என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட வொலி கன்கெல், கனடாவைச் சேர்ந்த ஜோன் ஈக்ஸ் ஆகியோர் இவ்வாளைச் சீர்செய்வதற்கென்றே நூல்கள் எழுதினர். மேசையைக் கைக்கு இணையாக்கி, கையைத் தடுப்புச் சட்டத்துக்குச் சதுரமாக்கி, அலகின் குதிப்பக்கம் உரசாமல் திருத்தி, இவற்றை உரிய ஒழுங்கிற் செய்தால் இயந்திரம் துல்லியமாக உழைக்கும் என்று அவர்கள் காட்டினர். ஆனால் ஒரு இயந்திரத்தைச் சீராக வைத்திருக்க ஒரு நூல் முழுவதும் தேவைப்படுமென்றால், அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கத்தான் வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் உண்டு. 1970 இல் அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், தொழிற்சாலை ரேடியல் வாள்களுக்கு விதிகள் தெளிவாக வகுக்கப்பட்டன. அலகின் மேற்பாதிக்கு மூடி, கீழ்ப்பாதியின் பக்கங்களுக்கும் காப்பு, மேசை விளிம்பைத் தாண்டி அலகு வராதபடி தடை, கையை விட்டதும் வாள் தானாகப் பின்னோக்கிச் செல்லும்படி முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தல், நெடுக்கு வெட்டுக்குப் பின்னுதைப்புத் தடுப்பான் என்பன அவற்றுட் சில. ஆனால் இவ்விதிகள் தொழிலாளியைக் கூலிக்கு அமர்த்திய இடத்துக்கே உரியவை. வீட்டு நிலவறைக்குப் பரிசோதகர் வருவதில்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவை அமைக்கும் சட்டமே 1972 இல்தான் நிறைவேறியது. அதற்கு முன்னரே இலட்சக்கணக்கான வாள்கள் வீடுகளுக்குப் போய்விட்டன. ஆபத்து என்னவென்று தொழிலுலகம் அறிந்திருந்தது. அறிந்ததை வீட்டிலிருப்பவனுக்கும் கொண்டுசேர்க்க முப்பதாண்டு பிடித்தது. வாங்கியவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பட்டறையில் ஐந்தாண்டு எடுபிடியாக நின்று பழகியவனிடம் எதிர்பார்க்கும் கவனத்தை, விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கியவனிடமும் எதிர்பார்ப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மீளழைப்புக்கு முன்னரே இவ்வாளின் காலம் சாயத் தொடங்கிவிட்டது. கோணம் பார்த்து மேலிருந்து கீழே இறக்கி வெட்டும் மின்வாள்கள் 1960களில் தோன்றின. 1980களில் அவை தண்டில் முன்பின் நகரும் வகையாக வளர்ந்தன. குறுக்கு வெட்டுக்கு அது போதும், ஒரு கையாலே தூக்கி வேலைத்தளத்துக்கு எடுத்தும் செல்லலாம். அதில் வாளை முதலில் வெளியே இழுத்து, பின் மரத்துக்குள் இறக்கித் தன்னிடமிருந்து விலகத் தள்ளி அறுக்க வேண்டும் என்பதால், பாய்ந்து வரும் ஆபத்தும் குறைந்தது. நெடுக்கு வெட்டுக்கு மலிவான மேசைவாள்கள் கிடைத்தன. அமெரிக்க வீட்டுப் பட்டறைகளிலிருந்து ரேடியல் வாள் மெல்ல வெளியேறியது. ஐரோப்பாவில் டீவோல்ட் பெயரில் அது மேலும் பல காலம் விற்கப்பட்டது. அயோவா மாநிலத்தின் பிரிட் நகரிலுள்ள ஒரிஜினல் சோ கொம்பனி பழைய பெரிய டீவோல்டுகளின் வழியில் ஆலைகளுக்கான இயந்திரங்களைச் செய்து வந்திருக்கின்றது. அதாவது, வாள் தான் பிறந்த இடத்துக்கே திரும்பிவிட்டது.

100 டொலர் ஏற்பாட்டின் விளைவு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பழைய கிராஃப்ட்ஸ்மன் வாளுக்குச் சந்தையில் அத்தொகை கிடைப்பது அரிது. ஆகவே பலர் பழைய வாள்களைத் தேடி வாங்கி, மோட்டரைக் கழற்றி அனுப்பிக் காசாக்கினர். எஞ்சிய தூணும் கையும் மேசையும் பழைய இரும்புக்குப் போயின. ஆபத்தான பொருளைப் புழக்கத்திலிருந்து அகற்றுவதே நோக்கம் என்றால் நோக்கம் நிறைவேறியது என்றுதான் கொள்ள வேண்டும். மரவேலைக்காரர் சிலர் இன்னமும் அதனை நினைத்து முணுமுணுக்கின்றனர்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்கள் கோடைகாலக் கராஜ் விற்பனைகளில் இவ்வாள்களைக் கண்டிருக்கலாம். மிகக் குறைந்த விலைக்கும், சில இடங்களில் தூக்கிக்கொண்டு போனாற் போதும் என்று சும்மாவும் கொடுப்பார்கள். எடுக்க விரும்புபவர் முதலில் கையின் நுனியைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கட்டும்; பூட்டிய நிலையில் அது அசையுமானால் தூணோ பூட்டோ தேய்ந்திருக்கின்றது. மோட்டர் வண்டி கையின் முழு நீளமும் சீராக ஓட வேண்டும், ஆனால் தளர்ந்து ஆடக்கூடாது. கிராஃப்ட்ஸ்மன் என்றால் மாதிரி எண்ணைப் பார்க்க வேண்டும். 113 என்று தொடங்கினால் அது எமர்சன் செய்தது, முழு மூடி பின்னர் பொருத்தப்பட்டதா என்பதை அறியாமல் மின்னை இணைக்கக்கூடாது. 1950களின் டீவோல்டுகள் வார்ப்பிரும்புக் கையோடு வந்தவை. இயந்திரம் என்ற அளவில் அவையே நிறைவானவை, எனினும் காப்பு மூடி அவற்றிலும் குறைவே. மேசைப்பலகை வாள் கீறிய தழும்புகளோடு இருக்கும். அது பழுதன்று, அவ்வப்போது மாற்றிப் போடுவதற்கென்றே வைத்த பலகை.

அலகைக் கட்டாயம் மாற்ற வேண்டும். மேசைவாளுக்குரிய அலகின் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து மரத்தை ஆவேசமாகக் கவ்வும். ரேடியல் வாளுக்கு அது ஆகாது. பற்கள் நிமிர்ந்தோ சற்றுப் பின்சாய்ந்தோ இருக்கும் அலகை வாங்கினால் பாய்ச்சல் பெரிதும் அடங்கும். இதற்கு ஆகும் செலவு சில வேளைகளில் வாளின் விலையையே மிஞ்சும். குறுக்கு வெட்டை மட்டும் இதிலே செய்துகொண்டு, நெடுக்கு வெட்டை மேசைவாளுக்கு விட்டுவிடுவதே என் அபிப்பிராயத்தில் உத்தமம். கன்கெலின் மாணவர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள்.

கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பல மாதிரிகளின் மோட்டரை 120 வோல்ட்டிலிருந்து 240 வோல்ட்டுக்கு மாற்றிப் பூட்டலாம். மோட்டரின் தகட்டிலேயே அதற்கான குறிப்பு இருக்கும். ஆனால் அங்கே மின்னோட்டம் விநாடிக்கு 60 சுற்று, இலங்கையில் 50. நிமிடத்துக்கு 3450 தரம் சுழல வேண்டிய வாள் இங்கே ஏறத்தாழ 2875 தரமே சுழலும், மோட்டரும் கூடுதலாகச் சூடேறும். முழுநாளும் ஓடும் பட்டறைக்கு அது உதவாது.

சியேர்ஸ் 2018 ஒக்டோபரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரை அது விற்றுவிட்டது. வாங்கியது ஸ்டான்லி பிளக் அன்ட் டெக்கர், அதாவது டீவோல்டின் இன்றைய உரிமையாளர். அரை நூற்றாண்டு காலம் ஒரே வாங்குநரைத் தேடி ஒன்றையொன்று துரத்திய இரண்டு பெயர்களும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன.